திங்கட்கிழமைக் காய்ச்சல்

என் வாய்க்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தனிப் பேர் உண்டு. கங்காணி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பவள் நான்தான். ஜீவராணியிடம் வாய் கொடுக்காதீர்கள் என்று தோட்டத்துக்குப் புதிதாக அதிகாரியாக வந்த சின்னதுரைக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வாய்தான், பேசியே ஆக வேண்டிய நேரத்தில் மூன்று நாள் பூட்டிக்கொண்டு கிடந்தது. சொன்னால் ஆறிவிடும் என்று இதைச் சொல்லவில்லை. ஆறாது, எனக்குத் தெரியும்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலையின் இடுப்பில் இருக்கிறது. என் புருஷன் தயாபரனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வந்து போவார். நானும் எங்கள் மகள் சஷ்மிகாவும் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் இருக்கிறோம். நான் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது அவளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் போவேன். நாலு வயது. ஓட்டம் என்றால் ஓட்டம், பிடிக்கவே முடியாது. மடுவத்து ஆயம்மா, இந்தப் பிள்ளைக்குக் காலில் சக்கரமா என்று தினமும் கேட்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மடுவத்தில் இருந்து அவளைத் தூக்கும்போதே உடம்பு அடுப்பாகக் கொதித்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று பனடோல் கரைத்துக் கொடுத்தேன். புதனும் விடவில்லை. வியாழக்கிழமை காலையில் கண் இரண்டும் சிவந்திருந்தன. பீளை இல்லை, தண்ணீர் வடியவில்லை, சும்மா இரத்தச் சிவப்பு. சட்டையைக் கழற்றினால் நெஞ்சு, முதுகு எல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். கொய்யாப்பழத்து உள்பக்கம் போலச் சிவந்து, பொடிப் பொடியாகப் புடைத்திருந்தது.

உடனே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள், மாரியம்மா. முத்து போடவில்லையே என்று ஒரு கணம் தோன்றியதுதான். மணல்வாரி அம்மை என்றால் முத்து போடாது என்று நானே எனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த காம்பராவில் இருக்கிற என் புருஷனின் அக்கா விஜயலெட்சுமி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஒரு தடவை காட்டிவிடலாமே என்றாள். நல்ல மனுஷி, மெதுவாகத்தான் சொன்னாள். நான் சீறி விழுந்தேன்.

"அம்மா வந்திருக்கிற வீட்டுல ஊசி மருந்துன்னு பேசாதீங்க மதினி. கோவிச்சுக்கிட்டான்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அவள் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. என்னிடம் யார்தான் திறப்பார்கள்.

எங்கள் குளிரில் வேப்பமரம் வளராது. பசறைக்கு ஆள் அனுப்பி, மொனராகலைப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸில் வேப்பிலை வரவழைத்தேன். வாசலில் கட்டினேன், பாயில் பரப்பினேன். தாளிதம் இல்லை, பொரியல் இல்லை, தலைசீவல் இல்லை. பனடோலை எடுத்துத் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். செவ்விளநீர் கொடுத்தேன், மோர் கொடுத்தேன். பிள்ளைக்குக் கையும் காலும் பொங்கி வந்தன, கொலுசு இறுகிக்கொண்டது. சவர்க்காரம் தடவி உருவி எடுத்தேன். அவள் கத்திய கத்தலில் எனக்கே அழுகை வந்தது. அம்மா விளையாடுகிறாள், விளையாடி முடித்ததும் இறங்கிவிடுவாள் என்று சொல்லிச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன். தயாபரன் போனில் வரட்டுமா என்று கேட்டார். பிரயாண அழுக்கோடு வரக் கூடாது, தண்ணீர் ஊற்றிய பிறகு வாங்க என்று தடுத்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, எட்டாம் நாள், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அவள் தலைக்கு ஊற்றினேன். தண்ணீர் ஊற்றினால் சூடு இறங்க வேண்டும். அன்று சாயங்காலம் அவள் உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். அதே கொதி. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

புதன்கிழமை விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினேன். ஒன்பதாம் நாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் என்று சொல்ல வேண்டும். இது எங்கள் லயத்துச் சட்டம். ஆஸ்பத்திரிக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால், எங்கள் லயத்தில் ஒரு குழந்தைக்கும் மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்ததே இல்லை. யாரும் கூடிப் பேசிப் போட்ட சட்டம் இல்லை. ஒவ்வொருத்தியும் ஏச்சு வாங்கி வாங்கிப் படித்தது. சஷ்மிக்கு ஒன்றரை வயதில் வயிற்றோட்டம் வந்தபோது, ஒரு மருந்து கொடுக்கிறவரிடம் ஆறு நாள் என்று உண்மையைச் சொன்னேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் என்னைக் கிழித்தார். பெறத் தெரிகிறது, பார்க்கத் தெரியாதா என்றார். கங்காணிக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிற நான், அன்று பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். பிள்ளை விஷயத்தில் ஏச்சு வாங்கினால் திருப்பிக் கொடுக்க நமக்கு ஒன்றும் இருப்பதில்லை.

குழந்தைகள் வாட்டில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். வதனி என்று பெயர். மெலிந்த உடம்பு, நிதானமான பேச்சு. சஷ்மியின் கழுத்தைத் தடவினார், நாக்கைப் பார்த்தார், உள்ளங்காலை அமுக்கினார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப அம்மா காய்ச்சல் தொடங்கினது?"

"திங்கக்கிழமைங்க."

யோசிக்கவே இல்லை. பழகின வாய், தானாகச் சொல்லிவிட்டது. அவர் காகிதத்தில் மூன்று என்று எழுதினார். எழுதிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற படிக்கிற டொக்டர்மார் இரண்டு பேரிடம் என்னைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடமே தமிழில் சொன்னார்: "தோட்டத்தில இருந்து இவ்வளவு கெதியாக் கொண்டந்திருக்கிறீங்கள். எல்லா அம்மாமாரும் இப்பிடி இருந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்."

என் வாழ்நாளில் ஆஸ்பத்திரியில் ஒருத்தர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். அந்தச் சந்தோஷம்தான் என் வாயில் போட்ட பூட்டு.

வியாழக்கிழமை காலையில் இரத்தம் பார்த்த முடிவு வந்தது. டொக்டர் வதனி கட்டிலருகே வந்து உட்கார்ந்து எனக்கு விளங்கும்படி சொன்னார். கிருமி வந்தால் அதை அடிக்க உடம்புக்குள் ஒரு படை கிளம்பும். அடிபட்ட இடம் சிவக்கும், வீங்கும், சுடும். அதற்கு அழற்சி என்று பெயர். காரியம் முடிந்ததும் படை அடங்கிவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு அது அடங்காமல், தன் உடம்பையே எதிரி என்று நினைத்து இரத்தக் குழாய்களைத் தாக்கும். சஷ்மிக்கு அப்படி இருக்கலாம் என்று சந்தேகம். ஜப்பான் டொக்டர் ஒருவரின் பெயரை அந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள், கவாசாகி.

"வெளியில தெரியிற இந்தச் சிவப்பு பெரிய விஷயமில்லை அம்மா. இதே அழற்சி நெஞ்சுக்குள்ள, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோற குழாயிலயும் இருக்கலாம். அதுதான் பயம்."

மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றார். கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டிய மருந்து, சந்தேகத்தின் பேரில் எல்லோருக்கும் ஏற்ற முடியாது. வேறு சில காய்ச்சல்களும் முதல் நாலு நாள் இப்படித்தான் இருக்கும், அதனால் இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள்ள ஏத்தினாச் சரி. இண்டைக்கு நாலாம் நாள்தானே. எங்களுக்கு நேரம் இருக்கு."

பத்து நாள். நான் விரல் விட்டு எண்ணவே தேவையில்லை. அன்றுதான் பத்தாம் நாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் என்றுகூடச் சொல்வேன். ஆனால் படிக்கிற டொக்டர்மார் நின்றார்கள், நர்ஸ் மிஸ்ஸி நின்றாள், பக்கத்துக் கட்டிலில் ஹாலி எலயிலிருந்து வந்த ஹம்ஸியா தன் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பேருக்கும் முன்னால் நல்ல அம்மா என்று பேர் வாங்கியவள் நான். இப்போது வாயைத் திறந்தால் வேப்பிலை வெளியே வரும், பனடோல் பூட்டிய பெட்டி வெளியே வரும், எட்டு நாள் சும்மா போட்டுவைத்தது வெளியே வரும். டொக்டர் எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அன்று முழுவதும் பேரம் பேசினேன். அந்த நோயாகவே இருக்காது என்றேன். பத்து என்றால் பதினொன்றில் கெட்டுப்போகவா போகிறது என்றேன். மாரியம்மா கைவிட மாட்டாள், அடுத்த திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்றேன். தயாபரன் போனில், டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். மூன்றாவது பொய்யோ நாலாவது பொய்யோ தெரியாது. டொக்டர் வதனி அந்தப் பக்கமாக எத்தனை தடவை போனாரோ, அத்தனை தடவையும் இப்போது சொல்கிறேன் என்று எழுந்தேன். அத்தனை தடவையும் போத்தல் தண்ணீரை எடுப்பது போல உட்கார்ந்துவிட்டேன். சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காய்ச்சல் தானாகக் குறைந்தது. சனிக்கிழமை காலையில் சுத்தமாக இல்லை. சஷ்மி எழுந்து உட்கார்ந்து சாப்பிடப் பாண் கேட்டாள். ஹம்ஸியாவின் மகனோடு பந்து உருட்டினாள். காலைச் சுற்றுக்கு வந்த சின்ன டொக்டர், ஆறு நாளில் விட்டுவிட்டது, வேறு ஏதோ காய்ச்சல் போலிருக்கிறது, பெரிய டொக்டர் வதனி வந்து பார்த்துவிட்டால் திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பார்த்தாயா, ஒன்றுமில்லை, ஒரு பொய்யும் யாரையும் கொல்லவில்லை என்று மனசு துள்ளியது. அந்த நிமிஷத்தில் என்னைவிடச் சந்தோஷமான பொம்பளை பதுளையிலேயே இருந்திருக்க மாட்டாள்.

அவள் கையைக் கழுவிவிடும்போது பார்த்தேன். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் தோல் கிளம்பியிருந்தது. மெதுவாக இழுத்தேன். அவித்த உருளைக்கிழங்குத் தோல் போல உரிந்து வந்தது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், எல்லாவற்றிலும் அப்படியே. வியாழக்கிழமை டொக்டர் வதனி படிக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒன்று எனக்கு ஞாபகம் இருந்தது. என்னைப் பார்த்தும் தமிழில் சொல்லியிருந்தார்: இந்த நோய் என்றால், இரண்டாவது வாரத்தில் விரல் நுனித் தோல் உரியும்.

இரண்டாவது வாரத்தில். கொப்பிக் கணக்கில் அன்று ஆறாம் நாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குளிருக்குக் காலில் போட என்று கொண்டுவந்திருந்த கம்பளி மேஸ் இரண்டையும் எடுத்து, பிள்ளையின் கையில் மாட்டிவிட்டேன். வேறு யாராவது இதைச் செய்ததாகச் சொன்னால் நான் காறித் துப்பியிருப்பேன்.

சஷ்மி கையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். "யாராச்சும் கைக்கு மேஸ் போடுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

குளிருகிறது, கழற்றாதே என்றேன். ஹம்ஸியா பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு என் வயதுதான், ஆனால் ஐந்து பிள்ளை வளர்த்தவள். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையின் கையிலிருந்த மேஸை இலேசாக இறக்கி, பார்த்துவிட்டு, மறுபடி ஏற்றிவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததால்தான் நானாகக் கொட்டினேன். செவ்வாய்க்கிழமை, வேப்பிலை, தண்ணீர், திங்கட்கிழமை, பத்து நாள், எல்லாவற்றையும். அவள் முடியும்வரை கேட்டாள்.

"நான் கண்டத நான் போய்ச் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா நீங்க இப்பிடியே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, புள்ள ஓடுற ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒங்க நெஞ்சு நிக்கும் தங்கச்சி. அப்ப யாருட்டச் சொல்லுவீங்க?"

எனக்கு மலைப்பாதையும் பிள்ளை மடுவத்துப் படிக்கட்டும் கண்ணில் வந்தன. படிக்கட்டில் சஷ்மி ஓடி வருகிறாள், ஓடி வருகிறாள், நடுவில் நிற்கிறாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

டொக்டர் வதனி பன்னிரண்டு மணிக்கு வந்தார். இந்தத் தடவை நான் தண்ணீர்ப் போத்தலை எடுக்கவில்லை. அவர் கட்டிலருகே வருவதற்கு முன்னாலேயே பிள்ளையின் கையிலிருந்து இரண்டு மேஸையும் உருவிவிட்டு, அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டொக்டர், திங்கக்கிழமை இல்லீங்க. அதுக்கு முந்துன வாரத்துச் செவ்வாய்க்கிழமைங்க. இன்னைக்குப் பன்னெண்டு நாளு."

அவர் சஷ்மியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கி, மூன்று என்று எழுதிய இடத்தை வெட்டினார். மிஸ்ஸியிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். தலையைக் குனிந்து, கையைக் கட்டி, மனசைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன். அவர் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

நெஞ்சுக்கு எண்ணெய் போலக் குளிர்ந்த ஏதோ தடவி, எக்கோ என்கிற படம் பிடித்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. டொக்டர் வதனி ஓரிடத்தில் விரலை வைத்தார். ஈர்க்குப் போல ஒரே அளவில் போக வேண்டிய குழாய், அந்த இடத்தில் மிளகு போல உருண்டு வீங்கியிருந்தது. வெளியே உதடு ஆறிவிட்டது, கண் வெளுத்துவிட்டது, உடம்பு குளிர்ந்துவிட்டது. உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் பந்து உருட்டிச் சிரித்தபோதும்.

இரத்தத்தில் அழற்சி இன்னும் அடங்கவில்லை, பிந்தினாலும் மருந்து ஏற்றத்தான் வேண்டும் என்று கொழும்புக்குப் போன் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்பு பஸ்ஸில் மருந்து வந்தது. அதே பஸ்ஸில் தயாபரனும் வந்தார். விஷயம் தெரிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கண்ணாடிப் போத்தலில் இருந்து சொட்டுச் சொட்டாக மருந்து பிள்ளையின் கைக்குள் இறங்கியது. நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டையும் பார்த்தேன். வியாழக்கிழமையிலேயே இறங்கியிருக்க வேண்டிய சொட்டு.

டொக்டர் வதனி வந்து போத்தலைச் சரிபார்த்தார். இந்த வீக்கம் வற்றவும் கூடும், வற்றாமல் அதற்குள் இரத்தம் கட்டவும் கூடும், இப்போது சொல்ல முடியாது என்றார். தினமும் ஒரு மாத்திரை, இரண்டு வாரத்துக்குள் மறுபடி படம், பிறகு மாதாமாதம் கிளினிக். டொக்டர் சொல்லும்வரை ஓட விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எழுந்து போகப் போனவர் நின்றார்.

"ஏன் அம்மா திங்கக்கிழமை எண்டு சொன்னீங்கள்?"

"ஏசுவீங்கன்னு பயந்துட்டேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏசியிருப்பன்தான்," என்றார். "நல்லா ஏசியிருப்பன். ஏசிப்போட்டு அண்டைக்கே மருந்தை எடுப்பிச்சு ஏத்தியிருப்பன்."

இப்போது மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போகிறோம். வீக்கம் வற்றவில்லை, கூடவும் இல்லை. பிள்ளை மடுவத்துப் படிக்கட்டில் சஷ்மியை நான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், இறக்கிவிடு, நான் ஓடுகிறேன் என்று அவள் என் கழுத்தைப் பிடித்துக் கத்துகிறாள். கிளினிக் அறைக்குள் போகும்போதெல்லாம் டொக்டர் வதனியின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இன்றைக்காவது ஒரு வார்த்தை ஏசுவார், வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஏசுவார், தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு போவேன். அவர் சஷ்மியைத் தூக்கி மேசையில் உட்காரவைத்து, எப்படியம்மா இருக்கிறீங்கள் என்று கேட்கிறார்.

இன்னும் ஏசவில்லை.